பத்து மணிக்கு நன்றாகச் சுடும் துவக்கு

“இது கொழுந்து பறிக்கிற கை. பரபரன்னு ஓடித்தான் அதுக்குப் பழக்கம். துவக்குக்கு நிக்கிற கை வேணும்.”

இதைக் கேட்டு யாராவது ஒருவர் முகம் சுளித்திருந்தால் நான் இந்த அளவுக்குக் கொதித்திருக்க மாட்டேன். சிரித்தார்கள். வாங்கில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும். அதில் பாதிப் பேரின் அம்மாக்கள் கொழுந்து பறித்துத்தான் அவர்கள் காலில் இருந்த சப்பாத்தை வாங்கிக் கொடுத்திருப்பார்கள்.

சொன்னவர் எங்கள் துப்பாக்கி சுடும் கழகத்தின் செயலாளர். ஓய்வு பெற்ற கண்டாக்கு. விடியற்காலையில் பெரட்டுக் களத்தில் நின்று, இன்றைக்கு யார் எந்த மலைக்குப் போக வேண்டும் என்று ஆட்களைப் பிரித்து அனுப்புகிற உத்தியோகம் அது. உத்தியோகம் ஓய்ந்துவிட்டது, குரல் ஓயவில்லை. மாகாணப் போட்டிக்குப் போகிறவர்களின் பெயர்களை அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பெரட்டில் கூப்பிடுகிற மாதிரியே கூப்பிட்டார். என் சிநேகிதியின் பெயர் வரவில்லை. ஏன் என்று நான் எழுந்து கேட்டேன். அதற்குத்தான் அந்தப் பதில்.

அவள் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். எல்லாரும் திரும்பி அவள் கைகளைப் பார்த்தார்கள். அவள் அந்தக் கைகளை ஜேர்சிக்குள் இழுத்துக்கொண்டாள். பெயர் வராததைக்கூட நான் பொறுத்திருப்பேன். அந்த இழுப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

உயர்தரம் வரைக்கும் நாங்கள் ஒரே வாங்கு. நான் பௌதிகவியல் படிக்கக் கம்பஸுக்குப் போனேன். அவளுக்கு ஒரு பாடம் போய்விட்டது, கொழுந்து பறிக்க மலைக்குப் போனாள். நான் பட்டத்தோடு திரும்பி வந்து, கொட்டகலையில் டியூசன் எடுத்துக்கொண்டு ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருக்கிறேன். அவளுக்குக் காத்திருக்கவும் ஒன்றும் இருக்கவில்லை, இந்தத் துவக்கைத் தொடும் வரைக்கும். மாகாணப் போட்டியில் சுட்ட சான்றிதழ் ஒன்று இருந்தால் விளையாட்டுப் பயிற்றுநர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கலாம். கூடையை இறக்கி வைப்பதற்கு அவள் கண்ணுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். இந்த வருடம் விட்டால் போட்டிக்குரிய வயது எல்லை தாண்டிவிடும்.

அதனால்தான் சொல்கிறேன், அந்தச் சிரிப்பு சும்மா சிரிப்பு அல்ல.

எங்கள் கழகம் இருப்பது கைவிடப்பட்ட ஒரு கொழுந்து மடுவத்தில். கொழுந்தை நிறுத்துப் போட்ட பழைய தகரக் கொட்டகை. பத்து மீற்றர் நீளம் சரியாக வந்ததால் அதைக் கேட்டு வாங்கினோம். உருப்படியான துவக்கு ஒன்றே ஒன்று. வெளிநாட்டில் குடியேறிய பழைய உறுப்பினர் ஒருவர் விட்டுச் சென்ற காற்றுத் துவக்கு. குழலுக்குக் கீழே உருளை, அதற்குள் அழுத்தி அடைத்த காற்று. கேஸ் சிலிண்டர் தலையில் ஒரு ரெகுலேட்டர் மாட்டுகிறோமல்லவா, அதே மாதிரி இதற்குள்ளும் ஒன்று இருக்கிறது. உருளையில் காற்று கூடினாலும் குறைந்தாலும் ஒவ்வொரு சூட்டுக்கும் ஒரே அழுத்தத்தை அளந்து கொடுப்பது அதன் வேலை. பின்புறம் ஒரு சின்னச் சுத்தியல். விசையை இழுத்தால் சுத்தியல் பாய்ந்து வால்வைத் தட்டும். வால்வு ஒரு நொடிப்பொழுது திறக்கும். காற்று ஈயக் குண்டைத் தள்ளும். அவ்வளவுதான் அதன் சூட்சுமம்.

ஒரே துவக்கு என்பதால் முறை வைத்துத்தான் சுடுவோம். தோட்டத்தில் வேலை செய்கிறவர்கள் பெரட்டுக்கு முன்னால், பனி கொட்டுகிற ஆறு மணிக்கு. பஜார் வீட்டுப் பிள்ளைகள் வெயில் ஏறி, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, பத்து மணிக்கு. இதை யாரும் சட்டமாகப் போடவில்லை. ஆனால் மலைநாட்டில் சில வரிசைகளுக்குச் சட்டம் தேவையில்லை. எனக்குச் சாயந்திரத்தில்தான் வகுப்பு என்பதால் சாவி என்னிடம். காலையில் வந்து திறந்துவிட்டு அவள் பக்கத்தில் நிற்பேன்.

சித்திரை வரைக்கும் கழகத்திலேயே அவள்தான் முதல். வைகாசி மழை பிடித்த பிறகு அவளுடைய புள்ளி இறங்க ஆரம்பித்தது. பஜார்க்காரர்களுக்கு இறங்கவில்லை. நாங்கள் ‘சேர்’ என்று கூப்பிடுகிற கண்டாக்குக்கு இது போதும். இரண்டு மாதம் முன்பு வரைக்கும் நின்ற கை, மழை வந்ததும் எப்படி ஓட ஆரம்பித்தது என்று அவர் தன்னையே ஒரு தடவை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

நான் அவள் சுட்ட இலக்கு அட்டைகளை வீட்டுக்குக் கொண்டுபோய் ஜன்னலில் ஒட்டி வைத்துப் பார்த்தேன். நடுங்குகிற கை குண்டுகளை எல்லாப் பக்கமும் சிதறடிக்கும். இடது, வலது, மேல், கீழ் என்று பார்க்காது. இவளுடைய துளைகள் இடமும் போகவில்லை, வலமும் போகவில்லை. நடுப்புள்ளிக்கு நேர் கீழே, ஒன்றின் மேல் ஒன்றாக, மூன்று வளையம் தள்ளி உட்கார்ந்திருந்தன. நூல் பிடித்த மாதிரி. குண்டு மெதுவாகப் போனால் அது இலக்கை அடைவதற்குள் கூடுதலாக விழும். இது ஒன்பதாம் வகுப்புப் பாடம். துவக்குத்தான் மெதுவாகச் சுடுகிறது.

“சைட்டைக் கொஞ்சம் ஏத்தி வெச்சா அடிச்சுருவேன்” என்றாள்.

அதற்கும் வழியில்லை. ஒருமுறை, குறி பார்க்கிற அந்தச் சைட்டை ஏற்றி வைத்தாள். பத்து மணிக்கு வந்த ஹார்ட்வெயார்க் கடைப் பையனுக்கு எல்லாம் மேலே போய்விட்டது. அன்றைக்கே சேர் உத்தரவு போட்டார்: “சைட்ட ஒருத்தரும் தொடக் கூடாது.” அந்தப் பையனுக்குச் சரியாக இருக்கிற சைட்தான் எல்லாருக்கும் சரியான சைட்.

நான் சேரிடம் போய், துவக்கில் வேகம் குறைகிறது என்று சொன்னேன். வந்தார். எப்போது? பத்து மணிக்கு. மூன்று குண்டு போட்டார், மூன்றும் நடுவில்.

“மெசின் நல்லாத்தான் இருக்கு” என்றார். “ஆளுதான் சரியில்ல.”

“காலையில வந்து பாருங்க சேர்.”

“எனக்கு மூட்டுல குளிர் ஒத்துக்காது புள்ள.”

காலமெல்லாம் பெண்களை அதே குளிரில் வரிசையில் நிறுத்தி வைத்தவருக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாதாம்.

சரி, நானே கண்டுபிடிக்கிறேன் என்று இறங்கினேன். வேகம் அளக்கும் கருவி எங்களிடம் இல்லை. போன் இருக்கிறதே. துவக்குக்கும் அட்டைக்கும் நட்டநடுவில் போனை வைத்து ஒலியைப் பதிந்தேன். சுடுகிற சத்தம் ஒன்று, குண்டு பலகையில் மோதுகிற சத்தம் ஒன்று. நடுவில் வைத்தால் இரண்டு சத்தமும் ஒரே தூரம் நடந்து வருகின்றன. ஆகவே இடைவெளி முழுவதும் குண்டு பறந்த நேரம். காலையில் அந்த இடைவெளி நீண்டிருந்தது. பத்து மணிக்குச் சுருங்கியிருந்தது. வேகத்தில் ஆறில் ஒரு பங்கு காலையில் காணாமல் போகிறது! எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. ஓடிப்போய் சேரிடம் காட்டினேன்.

“போன்ல துவக்கு வேகம் அளக்குறாளாம்” என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். என்னைப் பார்க்கவும் இல்லை.

இது நடந்தது பெயர் கூப்பிடுவதற்கு முந்திய வாரம். அதாவது, அவருக்குத் தெரிவிக்கப்பட்டிருந்தது. இதை நான் அழுத்திச் சொல்கிறேன்.

ஞாயிறு அந்தச் சிரிப்பு நடந்தது. திங்கட்கிழமை காலையில் நான் மடுவத்தைத் திறந்தபோது அவள் வழக்கம்போல வந்து நின்றாள். தலையில் மழைக்குப் போர்த்துகிற கொங்காணி, தோளில் வெறுங்கூடை.

“நீ எதுக்கு வந்த?” என்றேன். கோபத்தில் வாய்க்கு வந்தது.

“நல்லா இருக்கே! பேரு இல்லாட்டி சுடக் கூடாதா? எம் பேரத்தான் தெனமும் பெரட்டுல கூப்பிடுறாங்களே, அது பத்தாதா?” என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னாள்: “கண்டிக்குப் பேரு போய்ச் சேர வெள்ளிக்கிழமை வரைக்கும் நாள் இருக்காம். போட்டி நோட்டீஸ்ல பாத்தேன்.”

அவள் விட்டுக்கொடுக்கவில்லை. நான்தான் அப்படி நினைத்துவிட்டேன்.

ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு வந்தோம். உருளையின் அழுத்தமானி பார்த்தோம், காற்று வேண்டிய அளவுக்கு மேலேயே இருந்தது. சோப்பு நுரையை மூட்டு மூட்டாகத் தடவினோம், ஒரு குமிழி வரவில்லை. கசிவு இல்லை. குண்டுகள் அதே டப்பா. குழலைத் துணி விட்டுத் துடைத்தோம், வேகம் மாறவில்லை. மிஞ்சியது ரெகுலேட்டர். குளிரில் அதன் ரப்பர் வளையம் விறைத்துப்போகிறது என்று நான் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். அதைக் கழற்ற வேண்டும் என்று சேருக்குப் போன் எடுத்தேன்.

“ரெகுலேட்டர்ல கை வெச்ச, அன்னைக்கே சாவியக் குடுத்துட்டுப் போயிரு.”

கழற்றக் கூடாதா, கழற்றாமலே பார்க்கிறேன். மறுநாள் வீட்டிலிருந்து போத்தலில் வெந்நீர் கொண்டுவந்தேன், கை பொறுக்கிற சூடுதான். ஈரமில்லாமல் துணி சுற்றி, முன்பக்கம் ரெகுலேட்டர் இருக்கிற இடத்தில் வைத்துக் கட்டினேன். ரெகுலேட்டர்தான் விறைக்கிறது என்றால் சூடு பட்டதும் வேகம் ஏற வேண்டும். சுட்டாள். ஏறவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் வைத்திருந்து மறுபடியும் சுட்டாள். ஏறவே இல்லை.

“டீச்சரே, ரெகுலேட்டர் பாஸ்” என்றாள். “வேற யாரு பெயில்?”

எனக்கு அவமானமாக இருந்தது. முதல்நாள் முழுக்க அந்த ரெகுலேட்டரைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். சும்மா போத்தலைப் பின்பக்கம் நகர்த்தினேன், சுத்தியல் இருக்கிற இடத்துக்குக் கீழே. அவள் நின்றுகொண்டே ஒரு பாட்டை முணுமுணுத்தாள், பெரட்டுக்கு நேரமாகிறதென்று வாசலைப் பார்த்தாள், பிறகு சுட்டாள். மேலே ஏறியது. அடுத்த குண்டு இன்னும் மேலே. அதற்கடுத்தது நட்டநடுவில், பத்துப் புள்ளி. பலகையில் மோதிய சத்தமே வேறு மாதிரி இருந்தது.

அதற்குள் பெரட்டுக்குக் கூப்பிடும் தப்பு அடித்துவிட்டார்கள். அவள் கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். “நான் வராம அதத் தொறக்காத!” என்று பாதையிலிருந்து கத்தினாள்.

புதன்கிழமை வெந்நீர் வைக்கவில்லை. காற்றை முழுக்க இறக்கிவிட்டு, பனியோடு பனியாகத் துவக்கின் மரக்கட்டையைக் கழற்றினோம். இதற்கு முன்பும் நான் கழற்றியிருக்கிறேன், ஆனால் எப்போதும் மத்தியானத்தில். அப்போது உள்ளே கொஞ்சம் மினுமினுப்பு மட்டும்தான் தெரியும். இப்போது சுத்தியலைச் சுற்றி, அது ஓடுகிற பாதை நெடுக, வெள்ளை வெளேரென்று ஏதோ அப்பியிருந்தது. கிரீஸ் என்று நினைத்தேன். விரல் நுனியில் எடுத்தேன். கிரீஸ் விரல் சூட்டுக்கு உருகாது. இது உருகியது. தெளிந்த தண்ணீர் மாதிரி ஓடியது. மணந்து பார்த்தேன்.

அவள் என் விரலைப் பிடித்து இழுத்துத் தானும் மணந்தாள்.

“அடியே! தேங்கா எண்ணடி இது!”

துவக்குக்கு எண்ணெய் போடுவது எப்போதும் சேரின் பொறுப்பு. அவள் உட்கார்ந்து சிரித்தாள். கூடையைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். “கண்டாக்கையா துவக்குக்குத் தலைவாரி விட்டுருக்காரு! பூவும் வெச்சிருக்காரா பாரு!”

எங்கள் மலைப்பக்கத்து வீடு எதிலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். காலையில் தேங்காயெண்ணெய்ப் போத்தலுக்குள் வெள்ளைக் கட்டிதான் இருக்கும். அடுப்போரம் வைத்து இளக்கித்தான் தலைக்குத் தேய்ப்போம். கொழும்பில் இருக்கிறவனுக்கு அந்த எண்ணெய் உறையும் என்பதே மறந்திருக்கும். இங்கே பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். அப்படித் தெரிந்தவர் ஒருவர், உறைந்த எண்ணெயை அடுப்பில் இளக்கி, இந்தத் துவக்குக்குள் ஊற்றியிருக்கிறார். அது மடுவத்துக் குளிரில் மறுபடியும் உறையும் என்ற நினைப்பு மட்டும் அவருக்கு வரவில்லை. உறைந்த எண்ணெய்க்குள் சுத்தியல் தவழ்ந்து போய் வால்வை மெல்லத் தட்டியிருக்கிறது. பாதி திறந்த வால்வு, பாதிக் காற்று. வெயில் ஏறித் தகரம் காய்ந்ததும் எண்ணெய் இளகி, பஜார்ப் பிள்ளைகளுக்கு அதே சுத்தியல் பாய்ந்திருக்கிறது.

அன்றைக்குச் சாயந்திரம் வகுப்பு முடிந்ததும் ஒரு மூடியில் அந்த எண்ணெயை எடுத்துக்கொண்டு சேர் வீட்டுக்குப் போனேன். எண்ணெய் அங்கே போவதற்குள் உருகிவிட்டது. அதுவும் அவர் பக்கம்தான்.

மணந்து பார்த்தார். கொஞ்சமும் அசரவில்லை.

“ஆமா, நான்தான் போட்டேன். மழைக்கு முந்தி இரும்புக்கெல்லாம் எண்ண போடாட்டித் துருப் பிடிச்சுரும். துவக்கு எண்ண முடிஞ்சு போச்சு. சும்மா விடச் சொல்றியா?”

“அதுனாலதான் சேர் காலையில வேகம் வரல.”

“சரி, தொடச்சுரு. முடிஞ்சது.”

“அவ பேரு?”

“பேரெல்லாம் குடுத்தாச்சே.”

“வெள்ளிக்கிழமை வரைக்கும் மாத்தலாம்.”

“இப்ப மாத்தினா மத்தவங்க என்னா ஏதுன்னு கேப்பாங்க. நீ படிச்ச புள்ள, ஒனக்குத் தெரியாதா? அடுத்த வருசம் பாத்துக்கலாம்.”

அடுத்த வருடம்! அவளுக்கு அடுத்த வருடம் இல்லை என்று அவருக்குத் தெரியும். போட்டிக்குரிய வயதை எங்களுக்கு வாசித்துக் காட்டியதே அவர்தான். எழுந்து நின்றுகொண்டு சொன்னேன்: “நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு வாங்க சேர். அவ சுடட்டும். நீங்களே பாத்துட்டு முடிவு பண்ணுங்க. வராட்டி ஞாயித்துக்கிழமை, அதே வாங்குல அதே ஆளுங்க இருப்பாங்க. யாரு எண்ண ஊத்தினதுன்னு நான் எந்திரிச்சுச் சொல்லுவேன்.”

உள்ளேயிருந்து தேத்தண்ணி கொண்டுவந்த அவருடைய மனைவி கதவுக்குப் பின்னாலேயே நின்றுவிட்டார். தேத்தண்ணி வரவில்லை. நானும் வந்துவிட்டேன்.

அன்று ராத்திரியே ஸ்பிரிட்டில் துணியை நனைத்துச் சுத்தியலையும் அதன் பாதையையும் துடைத்து, காயவிட்டு, ஒன்றும் பூசாமல் மூடினேன்.

வியாழக்கிழமை அவர் வந்தார். மங்கி கெப், மப்ளர், கையில் குடை. மடுவத்துக்குள் மூச்சு விட்டால் புகையாகத் தெரிந்தது. பட்டியலில் பெயர் வந்திருந்த ஹார்ட்வெயார்க் கடைப் பையனையும் கூட்டி வந்திருந்தார், ஒப்பிட்டுப் பார்க்கவாம். அவனுக்குத் தூக்கம் கலையவில்லை. முதல் முறையாக ஆறு மணியைப் பார்க்கிறான் போல. பல் அடித்துக்கொண்டது.

“நீங்க மொதல்ல சுடுங்க தம்பி” என்றாள் அவள், உண்மையான மரியாதையோடு.

அவன் சுட்டான். துவக்குச் சரியாக இருந்தது, குண்டு வேகமாகப் போனது. ஆனால் விரல் விறைத்து, தோள் நடுங்கி, துளைகள் நான்கு பக்கமும் சிதறின. பிறகு அவள் ஜேர்சிக் கையைச் சுருட்டிவிட்டு நின்றாள். நான் அவள் கைகளைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தேன். அவர் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு துளை. அந்தத் துளை கொஞ்சம் பெரிதானது. இன்னும் கொஞ்சம் பெரிதானது. மற்ற இடமெல்லாம் வெறும் தாள்.

இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பையனே சொல்லிவிட்டான்: “அக்காதான் போகணும் சேர்.”

அவர் தொண்டையைச் செருமினார். நான் அந்த நேரத்தில் எதிர்பார்த்தது ஒரே ஒரு வாக்கியம். ஞாயிறு சொன்னது தப்பு என்று. அது போதும். மன்னிப்புகூட வேண்டாம்.

“காலையிலதான் இப்பிடி ஆகுதுன்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமே நீ” என்றார் அவளிடம்.

இரண்டு மாதமாக வேறு என்ன சொல்லிக்கொண்டிருந்தோம்?

அவள் துவக்கை என்னிடம் கொடுத்துவிட்டுக் கொங்காணியை இழுத்துக் கட்டினாள். “சொன்னோம் ஐயா. நீங்க பத்து மணிக்கு வந்தீங்க.”

பெரட்டுத் தப்புக் கேட்டது. அவள் குறுக்குப் பாதையில் ஏறிப் போய்விட்டாள்.

அவர் போனை எடுத்தார். கண்டியிலிருக்கிற அதிகாரியிடம் சிங்களத்தில் பேசினார். “மாத்தயா, தவ நமக் தியெனவா.” இன்னும் ஒரு பெயர் இருக்கிறது என்றார். பையனை மாற்று ஆளாகப் போடச் சொன்னார். மறுபக்கம் ஏதோ கேட்டார்கள். போனைக் கையால் மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“அந்தப் புள்ளையோட முழுப் பேரு என்னா?”

அவர் ஓய்வு பெறுகிற வரைக்கும் அவள் அவருடைய பெரட்டில்தான் நின்றாள். தினமும் அவர்தான் அவளை மலைக்கு அனுப்பினார்.

அவளுடைய அப்பாவின் பெயரையும் அவளுடைய பெயரையும் சொன்னேன். அவருக்கு ஒரு தடவையில் பிடிபடவில்லை. எழுத்தெழுத்தாக, அவர் போனில் திருப்பிச் சொல்லி முடிக்கும் வரைக்கும், பக்கத்திலேயே நின்று சொல்லிக்கொடுத்தேன்.